மேடையில் பேஸ் கிதார் மக்கர் செய்தால்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

பேஸில் கோளாறு என்றதும் பலரும் முதலில் ஆம்பின் குமிழ்களைத் திருகத் தொடங்குவார்கள். பெரும்பாலும் அது வீண் வேலை. கெடுதல் கேட்பது ஸ்பீக்கரில்தான் என்றாலும், கெட்டுப்போனது கம்பிக்கும் ஆம்புக்கும் நடுவில் எங்கோ இருக்கும். சிக்னல் போகும் வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கம்பி, பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தச் சுருள்), வால்யூம்-டோன், ஜாக், கேபிள், பெடல்கள், ஆம்ப், ஸ்பீக்கர். ஆம்பிலிருந்தோ டிஐ பாக்ஸிலிருந்தோ (பேஸின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) மிக்ஸருக்கு ஒரு கிளை தனியாகப் போகிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றிச் சரியாகிவிட்டால் எது கெட்டது என்று தெரியாமலே போகும். அடுத்த கச்சேரிக்கு அதே கேபிள் பையிலிருந்து மறுபடி வெளியே வரும்.

பையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. நல்லதென்று தெரிந்த இன்னொரு கேபிள், பிரிக்காத 9 வோல்ட் ஆல்கலைன் பேட்டரி (உள்ளே ஒலியைக் கூட்டும் சர்க்யூட் உள்ள ‘ஆக்டிவ்’ பேஸுக்கு), மலிவான மல்டிமீட்டர், உங்கள் நெக்குக்கும் சேடிலுக்கும் (உடல் பக்கத்துப் பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியையும் தாங்கும் துண்டு) பொருந்தும் ஆலன் கீ, ஸ்க்ரூ டிரைவர், ஒரு செட் கம்பி, சின்ன டிஐ பாக்ஸ். கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே வீட்டில் இருந்தால் போதும்.

சத்தமே வரவில்லை

முதலில் டியூனர் பெடலைப் பாருங்கள். சுதி சேர்த்துவிட்டு மியூட்டை எடுக்க மறப்பதுதான் இதற்கு மிகச் சாதாரணமான காரணம். அது இல்லையென்றால் பெடல்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மாற்றுக் கேபிளால் பேஸை நேராக ஆம்பில் சொருகுங்கள். சத்தம் வந்தால் ஆம்பும் பேஸும் நல்லவை. குற்றம் பழைய கேபிளிலோ பெடல் வரிசையிலோ இருக்கிறது.

வரவில்லையா? ஆம்ப் வால்யூமைக் குறைத்து வைத்துக்கொண்டு, கேபிளின் பேஸ் பக்க முனையைக் கழற்றி அதன் நுனியை விரலால் தொடுங்கள். ‘டர்ர்’ என்று சத்தம் கேட்டால் கேபிளும் ஆம்பும் வேலை செய்கின்றன, கோளாறு பேஸுக்குள். கேட்கவில்லை என்றால் ஆம்பைப் பாருங்கள்: மியூட் பொத்தான், யாரோ சொருகிவிட்டுப் போன ஹெட்போன், கழன்ற ஸ்பீக்கர் கேபிள். பழைய ஆம்புகளில் எஃபெக்ட்ஸ் லூப்பின் (ஆம்பில் பெடல்களை இணைக்கும் சென்ட், ரிடர்ன் ஜாக்குகள்) ரிடர்ன் ஜாக்கில் உள்ள சுவிட்ச் துருப்பிடித்து வழியை அடைத்துக்கொள்ளும். சென்ட்டிலிருந்து ரிடர்னுக்கு ஒரு சின்னக் கேபிள் போட்டுப் பாருங்கள். சத்தம் திரும்பினால் அன்றைய கச்சேரியை அந்தக் கேபிளோடே முடித்துவிடலாம். ஆம்ப் முழுக்கப் படுத்துவிட்டால் பேஸை டிஐ பாக்ஸ் வழியாக மிக்ஸருக்கு அனுப்பிவிட்டு, மானிட்டரில் பேஸைக் கூட்டச் சொல்லுங்கள்.

கோளாறு பேஸுக்குள் என்றால் முதல் சந்தேகம் ஜாக்கின் மேல். அதன் நட் தளர்ந்து, கேபிளைச் சொருகும்போதெல்லாம் ஜாக் முழுவதும் சுற்றியிருக்கும். உள்ளே பற்றவைத்த ஒயர் முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும். வெளியிலிருந்தே ஸ்பேனரால் நட்டை இறுக்கினால் மிச்சமிருக்கும் ஒயரும் போகும். ஜாக் பொருத்திய தகட்டின் திருகுகளைக் கழற்றி, வெளியே இழுத்து, ஜாக்கின் உடலை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்க வேண்டும். அப்படியே கேபிள் நுனியைத் தொடும் வளைந்த தகட்டையும் பாருங்கள். தளர்ந்திருந்தால் மெல்ல உள்பக்கமாக வளைத்துவிடுங்கள்.

பேட்டரி இல்லாத பேஸ் என்றால் பிரித்துப் பார்க்குமுன் மல்டிமீட்டரே நோயைச் சொல்லிவிடும். கேபிளை பேஸில் சொருகி, வால்யூமை முழுக்கத் திறந்து, மறுமுனையில் நுனிக்கும் உடலுக்கும் நடுவே ஓம் பாருங்கள். பிரெசிஷன் வகையில் (ஃபெண்டர் மாடல், இரண்டாகப் பிளந்த ஒரே பிக்கப்) 10 கிலோ ஓமை ஒட்டி வரும். ஜாஸ் வகையில் (இதுவும் ஃபெண்டர் மாடல், இரண்டு பிக்கப்) இரண்டு வால்யூமும் முழுதாக இருந்தால் 4 கிலோ ஓமை ஒட்டி வரும். பூஜ்ஜியம் என்றால் எங்கோ ஷார்ட். எதுவுமே காட்டவில்லை என்றால் ஜாக்கிலோ கேபிளிலோ ஒயர் அறுந்திருக்கிறது. 250 கிலோ ஓம் அளவு காட்டினால் நீங்கள் அளப்பது வால்யூம் கன்ட்ரோலை மட்டும்தான். பிக்கப்பிலிருந்து வரும் ஒயர் போயிருக்கிறது. பேட்டரி உள்ள பேஸில் இந்தச் சோதனை செல்லாது.

விட்டு விட்டு வருகிறது, கரகரக்கிறது

குமிழைத் திருகும்போது மட்டும் கரகரத்தால் வால்யூம் கன்ட்ரோலில் அழுக்கு. கான்டாக்ட் கிளீனரை அதன் உடலில் உள்ள இடுக்கு வழியாக ஒருமுறை அடித்து, முழு வீச்சில் இருபது முப்பது தடவை திருகுங்கள். துரு இளக்கும் எண்ணெய் ஸ்பிரேயை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது படிந்து நின்று தூசியைப் பிடித்துக்கொள்ளும். கிளீனருக்கும் மசியாவிட்டால் கன்ட்ரோலையே மாற்றிவிடுவது நல்லது. 250 கிலோ ஓம் கன்ட்ரோல் விலை அதிகமில்லை, சென்னையில் ரிச்சி தெரு போன்ற இடங்களில் தேடலாம். வாங்கும்போது தண்டின் தடிமனும் நீளமும் பழையதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் குமிழ் உட்காராது.

நீங்கள் நகரும்போது மட்டும் விட்டு விட்டு வந்தால் கேபிளின் இரு முனைகளையும் ஒவ்வொன்றாக வளைத்துப் பாருங்கள். அது ஜாக்கருகேதான் அறுபடும். கேபிளை ஸ்ட்ராப்புக்குள் ஒரு சுற்று விட்டுப் பிறகு சொருகினால், யாராவது மிதித்தாலும் இழுவிசை ஜாக்குக்கு வராது.

ஆரம்பத்தில் நன்றாக இருந்தது, போகப்போக உடைகிறது, மங்குகிறது

பேட்டரி. பலமாக அடிக்கும் நோட்டுகள் முதலில் உடையும், பிறகு மொத்த ஒலியும் சிறுக்கும், கடைசியில் விக்கி விக்கி நிற்கும். புது ஆல்கலைன் பேட்டரி 9.5 வோல்ட் அளவில் காட்டும். 8 வோல்டுக்குக் கீழே இறங்கிய பேட்டரியோடு கச்சேரிக்குப் போகாதீர்கள். இரண்டு பேட்டரி போடும் 18 வோல்ட் பேஸில் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள்.

பேட்டரி உள்ள பேஸில் ஆன்-ஆஃப் சுவிட்ச் கிடையாது; கேபிளைச் சொருகுவதே சுவிட்ச். ஜாக்கில் உள்ள கூடுதல் முனையை ப்ளக்கின் உடல் தொட்டதும் மின்சாரம் ஓடத் தொடங்கும். ஒத்திகை முடிந்து கேபிளைச் சொருகியபடியே சுவரில் சாய்த்துவிட்டுப் போனால் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். ப்ளக் முழுதாக உள்ளே போகாவிட்டால் பேட்டரி புதிதாக இருந்தும் சத்தம் வராது என்பதும் இதனால்தான்.

புதுப் பேட்டரி போட்டும் உடைகிறதா? ஆம்பின் ‘ஆக்டிவ்’ இன்புட்டிலோ குறைப்புப் பொத்தானை அழுத்தியோ வாசித்துப் பாருங்கள். அதிலும் உடைந்தால் பிக்கப் கம்பிக்கு மிக அருகில் இருக்கிறது. கடைசி ஃப்ரெட்டில் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) அழுத்திப் பிடித்தபடி கம்பிக்கும் பிக்கப்புக்கும் 3 மி.மீ. அளவு இடைவெளி விடுங்கள்.

ஊம்ம் என்று இரைகிறது

மேடையில் நேரத்தைத் தின்பது இதுதான். தொட்டாலே உயிருக்கு ஆபத்தான நிலையும் இதில்தான் ஒளிந்திருக்கும்.

கையைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டு டியூனரைப் பாருங்கள். யாரும் தொடாமலே அது ஜி என்று மின்னிக்கொண்டிருந்தால் உள்ளே வருவது மின்சார இரைச்சல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஈ கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் உள்ள ஜி 49 ஹெர்ட்ஸ், திறந்த ஜி கம்பி 98. அதனால்தான் டியூனர் ஏமாறுகிறது.

அடுத்து, பேஸின் வால்யூமைப் பூஜ்ஜியமாக்குங்கள். இரைச்சல் மாறாமல் நீடித்தால் அது பேஸிலிருந்து வரவில்லை. கேபிள், பெடலின் பவர் சப்ளை, ஆம்ப், மிக்ஸர் இணைப்பு என்று தேட வேண்டும். இரைச்சல் போய்விட்டால் பேஸ்தான் அதைப் பிடிக்கிறது. வால்யூமைத் திரும்பக் கூட்டி, நின்ற இடத்திலேயே உடலை மெல்லத் திருப்புங்கள். ஒரு திசையில் குறைந்து மறு திசையில் கூடினால் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப், பக்கத்திலிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரையோ விளக்கையோ ‘கேட்கிறது’. ஜாஸ் பேஸில் இரண்டு வால்யூமையும் சமமாக முழுக்கத் திறந்தால் இது பெருமளவு அடங்கும். இரு பிக்கப்புகளின் சுற்றும் காந்தமும் எதிரெதிராக அமைந்திருப்பதால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துவிடும். ஒன்றை லேசாகக் குறைத்தாலும் இரைச்சல் திரும்பும். பிரெசிஷனின் பிளந்த பிக்கப்புக்கு இந்தத் தொல்லை இல்லை. எல்இடி திரையும் டிம்மர் விளக்கும் நெருக்கும் திருவிழா மேடைகளில் பிரெசிஷன் நிம்மதியாக இருப்பதற்கு இதுவும் காரணம்.

கம்பியைத் தொட்டால் குறைந்து, விட்டால் கூடும் இரைச்சல் வேறு வகை. உங்கள் உடல்தான் ஆன்டெனாவாக வேலை செய்கிறது. கம்பியைத் தொட்டதும் அது கிரவுண்டோடு சேர்ந்துவிடுகிறது. ஓரளவு இது இயல்பு. அதிகமாக இருந்தால் பிக்கப், கன்ட்ரோல் குழிகளில் செப்பு டேப் ஒட்டி கிரவுண்டில் இணைக்க வேண்டும். கம்பியைத் தொட்டு மாற்றமில்லை, ஆனால் ப்ளக்கின் உலோக உடலைத் தொட்டால் குறைகிறது என்றால் பிரிட்ஜுக்குப் போகும் கிரவுண்டு ஒயர் அறுந்திருக்கிறது. பிரிட்ஜுக்கும் ஜாக்கின் உடலுக்கும் நடுவே மீட்டர் பூஜ்ஜிய ஓமை ஒட்டிக் காட்ட வேண்டும். (இஎம்ஜி போன்ற சில ஆக்டிவ் பிக்கப்புகளில் இந்த ஒயரை வேண்டுமென்றே இணைப்பதில்லை. அங்கே அது கோளாறல்ல.)

மிக்ஸருக்கு லைன் கொடுத்த பிறகுதான் இரைகிறது என்றால் கிரவுண்டு லூப். ஆம்ப் மேடை ப்ளக்கிலும் மிக்ஸர் பந்தலின் மறுகோடியில் இன்னொரு ப்ளக்கிலும் இருக்க, இரண்டு எர்த்துக்கும் நடுவே டிஐ கேபிளின் ஷீல்டு பாலமாகிவிடுகிறது. டிஐ பாக்ஸில் உள்ள கிரவுண்டு லிஃப்ட் பொத்தான் இதற்காகத்தான். அதற்கும் அடங்காவிட்டால் ஆம்பையும் மிக்ஸரையும் ஒரே லைனிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், விளக்குகள் அந்த லைனில் வேண்டாம்.

ஆம்ப் ப்ளக்கின் தடித்த எர்த் பின்னை ஒடிக்கவோ, எர்த் இல்லாத இரட்டைப் பின் அடாப்டரில் போடவோ கூடாது. இரைச்சல் போய்விடும் என்பது உண்மைதான், கூடவே உங்கள் பாதுகாப்பும் போகும்.

மைக்கில் உதடு பட்டதும் சுரீரென்றதா? வாசிப்பதை நிறுத்துங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்டில் வைத்து, ஒரு முனையைப் பிரிட்ஜிலும் மறு முனையை மைக்கின் வலைத் தலையிலும் வையுங்கள். ஓரிரு வோல்ட் என்றால் பயமில்லை. 100, 115 என்று காட்டினால் ஆம்புக்கோ மிக்ஸருக்கோ எர்த் கிடைக்கவில்லை. பவர் சப்ளையின் ஃபில்டர் வழியாகக் கசியும் மின்சாரம் அது. 200-ஐத் தாண்டினால் எங்கோ லைவ் நேராக உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டில் எதுவானாலும் ஜெனரேட்டர்காரரை எர்த் ராடு அடித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிவிட்டு, சரியாகும்வரை மைக்கையும் பேஸையும் சேர்த்துத் தொடாதீர்கள். வயர்லெஸ் போட்டால் உங்களுக்கு ஷாக் அடிக்காதுதான், ஆனால் அதே ஆம்பைத் தொடும் அடுத்தவருக்கு அடிக்கும்.

சத்தம் நிறைய இருக்கிறது, நோட்டுதான் தெரியவில்லை

இளையராஜா பாடல்களைப் பாடும் குழுவில் இது பெரிய குறை. அவர் இசையில் பேஸ் அடிநாதத்தை மட்டும் பிடித்து நிற்காது, தனி மெட்டாக ஓடும். ரசிகர்களுக்கு அந்த ஓட்டம் மனப்பாடம். ‘கும் கும்’ என்று மட்டும் கேட்டால் பாட்டே மாறிவிட்டதாகத் தோன்றும்.

காரணம் பெரும்பாலும் மேடையும் மண்டபமும்தான். பலகை மேடை உள்ளே வெற்றிடம், அதன்மேல் ஆம்பை வைத்தால் பலகையும் சேர்ந்து அதிரும். ஆம்பை உறுதியான ஒரு பெட்டியின் மேல் ஏற்றுங்கள், அல்லது காதைப் பார்க்கச் சாய்த்து வையுங்கள். வால்யூம் கூட்டாமலே நோட்டு தெளிவதைக் கேட்கலாம். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள கல்யாண மண்டபத்தில் குறிப்பிட்ட ஒரு நோட்டு மட்டும் பொங்கும். சவுண்ட் செக்கில் ஈ கம்பியைத் திறந்து அடித்து, ஒவ்வொரு ஃப்ரெட்டாகப் பன்னிரண்டு வரை ஒரே பலத்தில் ஏறுங்கள். பொங்கும் நோட்டைக் குறித்துக்கொண்டு சவுண்டுக்காரரிடம் அதிர்வெண்ணாகவே சொல்லுங்கள்: ஈ 41, ஜி 49, ஏ 55, சி 65, டி 73 ஹெர்ட்ஸ். அந்த இடத்தில் மட்டும் 4, 5 டெசிபல் குறைத்தால் போதும்.

உங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியது: ஆம்பின் பேஸ் (அடிஒலி) குமிழைக் கூட்டுவதற்குப் பதில் நடு அலைவரிசையைக் கூட்டுங்கள். 200 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் இறக்கி, 700-லிருந்து 1000 வரை கொஞ்சம் ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் மூக்கால் பாடுவதுபோல இருக்கும். டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்த பிறகு அதுதான் நோட்டாகக் காதில் விழும். ஹை-பாஸ் ஃபில்டர் (குறித்த அளவுக்குக் கீழுள்ள ஒலியை வெட்டுவது) இருந்தால் 35-40 ஹெர்ட்ஸில் போடுங்கள். கீபோர்டுக்காரரின் இடது கை அதே ஆக்டேவில் பேஸ் வாசித்துக்கொண்டிருந்தால் எந்த இக்யூவும் (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைப்பது) காப்பாற்றாது. நேராகச் சொல்லிவிடுவதே வழி.

இரண்டு பிக்கப்பையும் சேர்த்ததும் சத்தம் மெலிந்து தகரம் மாதிரி ஆனால் ஒரு பிக்கப்பின் ஒயர்கள் தலைகீழாகப் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. ஆம்ப் முன் வைத்த மைக்கும் டிஐயும் சேரும்போது மட்டும் அடிஒலி காணாமல் போனால் மிக்ஸரில் ஒன்றின் ஃபேஸ் பொத்தானை (அலையைத் தலைகீழாக்குவது) தட்டச் சொல்லுங்கள்.

கம்பி ஃப்ரெட்டில் உரசுகிறது

எங்கே உரசுகிறது என்பதிலேயே விடை இருக்கிறது. திறந்த கம்பியில் மட்டும் என்றால் நட்டின் (ஜாக்கின் நட் அல்ல, நெக்கின் தலைமுனையில் கம்பிகள் உட்காரும் துண்டு) பள்ளம் ஆழமாகிவிட்டது. முதல் ஐந்து ஃப்ரெட்டுகளில் என்றால் நெக் மிக நேராகவோ பின்பக்கம் வளைந்தோ இருக்கிறது. பன்னிரண்டுக்கு மேல் என்றால் சேடில் தாழ்வு. ஒரே ஒரு ஃப்ரெட்டில் என்றால் அதற்கு அடுத்த ஃப்ரெட் எழும்பி நிற்கிறது. அதை ரிப்பேர்காரரிடம் விடுங்கள்.

நெக்கின் வளைவை அளக்க, சுதி சேர்த்த நிலையில் ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் பதினேழாம் ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஏழு, எட்டாம் ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் 0.3 மி.மீ. இடைவெளி வேண்டும். சாதாரண விசிட்டிங் கார்டு ஏறக்குறைய அந்தத் தடிமன்தான். கம்பியைத் தூக்காமல் உரசிக்கொண்டு நுழைய வேண்டும். நுழையவே இல்லை என்றால் ட்ரஸ் ராடை (நெக்கினுள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டு) இடப்பக்கம் தளர்த்துங்கள். தாராளமாக ஆடினால் வலப்பக்கம் இறுக்குங்கள், அதற்குமுன் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். மறுபடி சுதி சேர்த்து, சற்றுப் பொறுத்து அளந்துவிட்டுத்தான் அடுத்த கால் சுற்று. பொருந்தாத ஆலன் கீயால் திருகி உள்முனையை வழித்துவிட்டால் அந்த நெக் முடிந்தது. அசையவே மறுத்தாலும் நிறுத்திவிடுங்கள். வளைவு சரியான பிறகு பதினேழாம் ஃப்ரெட்டில் ஈ கம்பியின் உயரம் 2.4, ஜி கம்பியின் உயரம் 2 மி.மீ. வரும்படி சேடிலை வையுங்கள். பலமாக அடிப்பவர்கள் இதைவிடக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம்.

ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் மரம் நகரும். நேற்று ஏசி அறையில் சரியாக இருந்த நெக் இன்று கடற்கரைத் திடலில் உரசலாம். அதற்காகக் கச்சேரிக்கு முன்னால் ட்ரஸ் ராடில் கைவைக்க வேண்டாம். சேடிலைக் கால் சுற்று ஏற்றிச் சமாளியுங்கள்.

இன்னொரு காரணம், சுதி இறக்கம். பாடகர் அரைக் கட்டை குறைத்துக் கேட்டார் என்று எல்லாக் கம்பியையும் இறக்கினால் கம்பியின் விறைப்பு சுமார் 11 சதவீதம் குறையும், ஒரு கட்டை இறக்கினால் 20 சதவீதம். நேற்றுவரை உரசாதது உரசும். எப்போதும் இறக்கியே வாசிப்பவர் .045-.105 அங்குல செட்டைவிடத் தடித்த கம்பி போட வேண்டும். பாட்டுக்குப் பாட்டு மாறுமென்றால் ஐந்து கம்பி பேஸில் இடம் மாற்றி வாசிப்பதே நல்லது.

சுதி நிற்கவில்லை

கம்பி மாட்டிய விதத்தைப் பாருங்கள். டியூனிங் தண்டில் இரண்டரை, மூன்று சுற்று, மேலிருந்து கீழாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்க வேண்டும். வெட்டுமுன் கம்பியைச் செங்குத்தாக மடித்துவிட்டு, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் மேல் சுற்று உள்கம்பியில் நழுவி, புதுக் கம்பியே செத்த ஒலி கொடுக்கும்.

திருகும்போது ‘டிக்’ என்று சத்தம் வந்து சுதி தாவினால் நட்டில் கம்பி சிக்குகிறது. பென்சில் கரியை அந்தப் பள்ளத்தில் தேயுங்கள். திறந்த கம்பி சரியாக இருந்து, மேலே போகப்போகச் சுதி விலகினால் இன்டொனேஷன்: பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்திய நோட்டு, அதே இடத்தில் கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கைவிட உயர்ந்தால் சேடிலைப் பின்னால் நகர்த்துங்கள், தாழ்ந்தால் நெக்கை நோக்கி. பழங்கம்பியை வைத்துக்கொண்டு இதைச் செய்வதில் பயனில்லை.

ஆம்ப் சூடாகி நின்றுவிடுகிறது

ஓம் கணக்கு. 8 ஓம் கேபினெட் இரண்டைச் சேர்த்தால் 4 ஓம். மூன்றாவதைச் சேர்த்தால் 2.7, குறைந்தது 4 ஓம் என்று போட்டிருக்கும் ஆம்ப் அதைத் தாங்காது. ஸ்பீக்கருக்கு கிதார் கேபிளைப் போட்டிருந்தாலும் சூடாகும், அதன் உள்ஒயர் மெல்லியது. ஃபேன் துவாரம் திரைச்சீலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பாதிக் கச்சேரியில் தோள் விட்டுப் போகிறது

நான்கரை கிலோவுக்கு மேல் உள்ள பேஸை மூன்று மணி நேரம் சுமப்பது கடினம். மூன்று அங்குல அகல ஸ்ட்ராப் பாதி உதவும். ஸ்ட்ராப் பட்டனின் திருகு பிடிக்காமல் சுற்றினால், மருந்து நீக்கிய தீக்குச்சிகளை ஃபெவிகாலில் தோய்த்துத் துளையில் நெருக்கமாக அடைத்து, ஒரு நாள் காயவிட்டு, துருத்துவதை வெட்டிவிட்டுத் திருகுங்கள்.

வாங்கும்போதே தவிர்க்கக்கூடியவை

மேலே சொன்னவற்றில் பாதி, கடையிலேயே தெரிந்திருக்கும். முதல் மேடை பேஸ் பேட்டரி இல்லாததாக, நான்கு கம்பி, 34 அங்குல ஸ்கேல் என்று இருப்பது நல்லது. உதிரிப் பாகம் எங்கும் கிடைக்கும், திறந்து பார்த்தால் புரியும். கை சிறியவர்களுக்கு 30 அங்குலம் தாராளமாகப் போதும். ஐந்து கம்பி வாங்கினால் பி கம்பியை மட்டும் தனியே கேளுங்கள். அது 31 ஹெர்ட்ஸ். மலிவான பேஸ்களில் பி தொளதொளவென்று, நோட்டு இல்லாமல் வெறும் அதிர்வாக வரும்.

பழைய பேஸ் என்றால் பெயிண்டைப் பார்ப்பதற்கு முன் ட்ரஸ் ராடு இரு பக்கமும் அசைகிறதா என்று விற்பவரையே திருகிக் காட்டச் சொல்லுங்கள். பிரிட்ஜ் பக்கமிருந்து நெக்கை ஒரு கண்ணால் நோக்குங்கள். ஒரு ஓரம் தாழ்ந்து மறு ஓரம் உயர்ந்தால் முறுக்கு; எந்த விலைக்கும் வேண்டாம். பிறகு ஸ்ட்ராப் மாட்டி நின்றுகொண்டு கையை எடுங்கள்; தலைப்பக்கம் தரையை நோக்கிச் சாய்ந்தால் உங்கள் இடது கை கச்சேரி முழுக்க அதைத் தூக்கிக்கொண்டே வாசிக்க வேண்டியிருக்கும். கடைசியாக, ஆம்பில் சொருகாமல் ஜி கம்பியில் நான்காம் ஃப்ரெட்டிலிருந்து எட்டுவரை ஒவ்வொரு நோட்டையும் நீட்டிப் பிடியுங்கள். ஃபெண்டர் பாணி நெக்குகளில் ஐந்து, ஆறு, ஏழு பக்கம் ஒரு நோட்டு சட்டென்று அடங்குவது சகஜம். லேசாக இருந்தால் விட்டுவிடலாம். ஒரு விநாடிகூட நிற்காமல் செத்தால் அது செட்டப்பில் சரியாகாது. பேஸின் தலைப்பக்கத்தில் எடை மாட்டினால் அந்த இடம் ஒரு ஃப்ரெட் தள்ளிப் போகுமே தவிர மறையாது. அடுத்த பேஸை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.